ஏற்காட்டுப் பனியும் மிருதங்கமும்

ஆசிரியருக்கு,

வரும் சனிக்கிழமை ஏற்காட்டில் கிடார், புல்லாங்குழல், மிருதங்கம், பறை எல்லாம் சேர்ந்து, மின்கருவிகள் இல்லாத ஓர் இசை நிகழ்ச்சி என்று சுவரொட்டி பார்த்தேன். கர்நாடக ராகமும் நாட்டுப்புற மெட்டும் ஒரே மேடையில் என்பது நல்ல சேதிதான். ஆனால் திறந்தவெளியில், மாலை 6 மணிக்கு என்று போட்டிருக்கிறார்கள். அங்கேதான் இடிக்கிறது.

மலைப்பனி தோல் கருவிகளுக்கு ஆகாது. ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். பறைக்காரர்கள் தீ மூட்டிக் காய்ச்சிக்கொள்வார்கள். மிருதங்கக்காரர் பாவம், கல்லும் கட்டையுமாகத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சென்ற ஆண்டு அங்கே ஒரு திருமண வரவேற்பில் பாடிய நேரத்தைவிடச் சுருதி சேர்த்த நேரம்தான் அதிகம். (சாப்பாடு நன்றாக இருந்தது, அது வேறு விஷயம்.)

ஏதாவது ஒரு கூடத்துக்குள் வைத்தால் ஒலிபெருக்கிகூட அவ்வளவாகத் தேவைப்படாது. அப்புறம், 20 கொண்டை ஊசி வளைவுகளை இருட்டில் பைக்கில் இறங்க எல்லாராலும் முடியாது. நிகழ்ச்சி முடிந்ததும் சேலத்துக்கு ஒரு சிறப்புப் பேருந்து விட்டால், என்னைப் போன்றவர்கள் கடைசிப் பாட்டுக்கு முன்பே எழுந்து ஓட மாட்டோம்.

- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்