அக்டோபர் பேய்ப்பட வரிசை: இந்த முறை ரீமேக் மட்டும்

நண்பர்களே, ஹாலோவீன் வரைக்கும் சனிக்கிழமைதோறும் இரவு 9 மணிக்கு அவரவர் வீட்டிலிருந்தே ஒரே நேரத்தில் படம் பார்க்கிறோம். மூலப்படத்தை முன்னாடியே பார்த்துவிட்டு வந்தால் பேச நிறைய இருக்கும். நேரமில்லையா, சும்மா வாங்க.

முதல் வாரம் ஜான் கார்பென்டரின் ‘தி திங்’ (1982). 1951 படத்தில் பனிக்கட்டிக்குள்ளிருந்து வருவது ஆள் வடிவத்தில் ஒரு அசுரன். கார்பென்டர் மூலக்கதைக்கே திரும்பிப் போய், யார் உருவத்தையும் எடுத்துக்கொள்ளும் ஜந்துவாக அதை மாற்றினார். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனையே நம்ப முடியாது. ரத்தப் பரிசோதனைக் காட்சி ஓடும்போது குழுவில் ஒரு மெசேஜ்கூட வரக்கூடாது, சொல்லிவிட்டேன்! இன்னொன்று: அவருடைய ‘ஹாலோவீன்’ (1978) படத்தில் பிள்ளைகள் டிவியில் பார்ப்பது அந்த 1951 படத்தைத்தான்.

அடுத்து ‘தி ஃப்ளை’ (1986). ஒப்பனைக்கு ஆஸ்கர் வாங்கிய படம். சாப்பாட்டுத் தட்டோடு உட்காராதீர்கள். மூன்றாவது ‘தி ரிங்’ (2002). ஜப்பானிய மூலம் 1998-இல் வந்தது, என் ஓட்டு அதற்குத்தான், சண்டைக்குத் தயார். கடைசியாக ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்’ (1978). 1956 படத்தின் நாயகன் கெவின் மெக்கார்த்தி இதிலும் தெருவில் கத்திக்கொண்டு ஓடி வருவார், கவனியுங்கள்.

1998 ‘சைக்கோ’ கேட்டவர்களுக்கு: ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் அப்படியே எடுத்ததை எதற்குப் பார்க்க வேண்டும்? பழையதையே போட்டுப் பாருங்கள்.

முடிவைப் போட்டு உடைப்பவர்களுக்கு அந்த வாரம் குழுவில் பேச அனுமதி கிடையாது. வருபவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கட்டைவிரல் போடுங்கள்.