சஃபாரியைத் தூக்குவதற்கு முன்னால்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அப்பா ஓட்டிய டாடா சஃபாரியை விற்காமல் நீயே வைத்துக்கொள்ளப் போகிறாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். தென்னந்தோப்புதான் கவலையாக இருக்கிறது. வேர்வாடல் நோய் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் வந்துவிட்டது. ஆனைமலைப் பக்கம் காய்த்துக்கொண்டிருந்த மரங்களையே வெட்டிச் சாய்க்கிறார்கள். அதை நேரில் பேசலாம்.

வண்டியை 3 இன்ச் தூக்கி, பெரிய டயர் போட்டு, முன்னால் பம்பருக்கு மேல் தடுப்புக் கம்பி, கூரைமேல் எல்.இ.டி லைட் எல்லாம் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். என்னிடமும் அதே வண்டிதான், 2.2 லிட்டர் டைகார் டீசல் இன்ஜின். போன வருஷம் அதைப் பட்டறையில் விட்டு முழுக்கப் பார்த்தேன். உனக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: உன் வண்டி இப்போது நிற்பது கம்பெனி கொடுத்த உயரத்தில் இல்லை. பதினைந்து வருஷம் ஓடிய காயில் ஸ்பிரிங் தணிந்திருக்கும், முன்பக்கம் ஸ்பிரிங் வேலை செய்கிற டார்ஷன் பார் தளர்ந்திருக்கும், இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் நைந்திருக்கும். அந்த இழந்த உயரத்தை முதலில் மீட்டுக்கொடு. அப்புறம் பார், தூக்க வேண்டும் என்றே உனக்குத் தோன்றாது.

கோபியில் ஊருக்குள் நுழையும்போது வேகத்தடையில் அடி தட்டுகிறது என்று எழுதியிருந்தாய். விதிப்படி போட்ட வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். சஃபாரியின் அடிப்பாகம் தரையிலிருந்து 20 சென்டிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டியது. நம்ம ஊர் வேகத்தடை பாதி விதிப்படி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நான்கு பேர் உட்கார்ந்த உடனே தட்டுகிறது என்றால் பின் ஸ்பிரிங் போய்விட்டது என்றுதான் அர்த்தம். நான் பின்னால் கம்பெனி அளவிலேயே புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர், அச்சைப் பிடித்திருக்கும் லிங்க் கம்பிகளின் புஷ் எல்லாம் மாற்றினேன். முன்னால் டார்ஷன் பாரை அதற்கு ஈடாக ஏற்றி வைத்தோம். ஒரு இன்ச்சுக்கு மேலேயே எழுந்து நின்றது. பார்க்கிறவர்கள் எல்லாம் எவ்வளவு தூக்கியிருக்கிறாய் என்றுதான் கேட்கிறார்கள். கம்பெனி உயரம் என்றால் யாரும் நம்புவதில்லை.

டார்ஷன் பார் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நிறையப் பட்டறையில் செலவில்லாமல் தூக்கித் தருகிறேன் என்று சொல்வது இதை வைத்துத்தான். அது ஒரு நீளமான எஃகுக் கம்பி. ஒரு முனை சக்கரத்தின் ஆர்மில், மறுமுனை சேஸியில். சக்கரம் ஏறி இறங்கும்போது அந்தக் கம்பி முறுக்கிக்கொள்ளும், அதுதான் ஸ்பிரிங். சேஸிப் பக்கம் இருக்கும் போல்ட்டைத் திருகினால் வண்டியின் மூக்கு ஏறும். கம்பி கெட்டியாகிவிட்டது என்று சொல்வார்கள், ஆகாது. அது அதே கம்பிதான். சக்கரம் கீழே இறங்க இருந்த இடம் மட்டும் குறைந்துவிடும். அதனால் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ஷாக் முழு நீளத்துக்கு இழுபட்டு "டங்" என்று அடிக்கும். சக்கரத்தை ஆர்மோடு இணைக்கிற பால் ஜாயின்ட்டும் சாய்ந்த கோணத்திலேயே வேலை செய்து சீக்கிரம் தேயும். 3 இன்ச் எல்லாம் அந்த போல்ட்டில் எடுத்தால் வண்டி கட்டைவண்டி மாதிரி ஓடும். தணிந்ததை ஈடுகட்டும் அளவுக்கு மட்டும் திருகச் சொல், திருகிய உடனே அலைன்மென்ட் பார்த்துவிடு. உயரம் மாறினால் டோ, அதாவது முன்சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் அளவு, மாறும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். ஹெட்லைட் குறியையும் திருப்பி வைக்க வேண்டும். மூக்கு ஏறினால் வெளிச்சமும் ஏறி எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும்.

கோயமுத்தூரில் தெருவுக்கு ஒரு லேத் இருக்கிறது. அலுமினியக் கட்டையைக் கடைந்து சக்கரத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் வைக்கும் ஸ்பேசர் கட்டை போட்டுத் தர ஒரு மத்தியானம் போதும். அந்தச் சுலபம்தான் எனக்குப் பயம். பின்பக்கம் தூக்கினால் அச்சைக் குறுக்காகப் பிடித்திருக்கும் கம்பியின் கோணம் மாறி அச்சே ஒரு பக்கமாக நகரும். பிரேக் ஹோஸ் இழுபடும். பின்னால் ஏற்றிய எடையைப் பார்த்து பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்வு இருக்கிற வண்டியில், தூக்கிய உயரத்தைப் பார்த்து அந்த வால்வு வண்டி காலி என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். ஏறக்குறைய 2 டன் வண்டி, மாப்ள. திம்பத்தின் 27 வளைவிலும் அதை நிறுத்துவது பிரேக்தான்.

உயரம் கூடினால் எடையின் மையமும் மேலே போகும். ஆடிக்காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் எப்படி அடிக்கும் என்று உனக்கே தெரியும். காற்றாலையெல்லாம் அந்த வெளியில்தானே நிற்கிறது. அந்தக் காற்றில் லாரியைத் தாண்டும்போது வண்டி பக்கவாட்டில் தள்ளும். சஃபாரி இயல்பிலேயே உயரமான வண்டி, இன்னும் 3 இன்ச் சேர்த்து, கூரையில் கேரியரும் மாட்டிவிட்டால் கையில் பிடிக்கவே முடியாது.

சரி, டயர். 235/70 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 735 மில்லிமீட்டர். நீ சொன்ன 245/75 ஆர்16 சுமார் 774. அதில் வண்டி 2 சென்டிமீட்டர்கூட ஏறாது. ஆனால் மீட்டர் 80 காட்டும்போது நிஜத்தில் 84-ல் போவாய், ஏற்றத்தில் இழுவையும் குறையும். ஒரிஜினல் அளவிலேயே கொஞ்சம் தடித்த பட்டன் உள்ள ஆல் டெரெய்ன் டயர் கிடைக்கிறது, நான் போட்டிருப்பது அதுதான். தோட்டத்துச் சேற்றுக்கு அதுவே போதும். சேற்றுக்கென்றே வரும் முரட்டு டயரைத் தினமும் தார் ரோட்டில் ஓட்டாதே. சத்தமும் அதிகம், மழையில் பிடிப்பும் குறைவு.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வருஷ மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடம் உண்டு. முன்னால் மாட்டும் கம்பிக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. அந்தக் கம்பி மோதலின் வேகத்தை நேராகச் சேஸிக்குக் கடத்தும், நடந்து போகிறவன் மேல் பட்டால் உயிருக்கே ஆபத்து. தடை இல்லாவிட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நாங்கள் கோபாலபுரம் தாண்டிப் பாலக்காடு போய்வருகிறவர்கள், கேரளாவில் இதில் எவ்வளவு கண்டிப்பு என்று பார்க்கிறோம். இன்சூரன்ஸ்காரனும் சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி கிளெயிமை மறுக்கலாம்.

அழகுக்கு வேறு வழி நிறைய இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வேலையும் அதுதான். மஞ்சள் பூத்த ஹெட்லைட்டை பாலிஷ் போட்டு எடுத்ததும் வண்டிக்கு வயசு பாதி குறைந்துவிட்டது. மேலே ஒட்டியிருந்த குரோம் பட்டைகளை எல்லாம் கழற்றினேன், கிரில்லுக்கு மேட் கறுப்பு, வீலுக்குக் கருஞ்சாம்பல். கதவுக்குக் கீழே துரு பிடித்த இடத்தைச் சுரண்டி, டின்கரிங் பார்த்து, அதே ஒரிஜினல் நிறத்தில் பெயின்ட் அடித்தேன். நிறத்தை மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ-விடம் அனுமதி வாங்கி ஆர்.சி-யில் ஏற்ற வேண்டும். அதற்கு அவசியமும் இல்லை. பின்பக்கம் ஒரு படி ஏறி நிற்கும் அந்தக் கூரையும், பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியும் 1998-ல் வந்த வடிவம், இன்றைக்கும் ரோட்டில் தனியாகத் தெரிகிறது. அதைச் சுத்தமாக வைத்தாலே போதும். ஹாலோஜனுக்கு என்று செய்த ஹெட்லைட்டுக்குள் எல்.இ.டி பல்பைத் திணிக்காதே, வெளிச்சம் சிதறிப் போகும்.

இன்னொன்று, அம்மாவை வாராவாரம் ஈரோட்டுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாக எழுதியிருந்தாய். முழங்கால் வலியோடு அவர்கள் ஏற வேண்டிய வண்டி இது. இப்போதைய உயரமே அவர்களுக்குச் சிரமம். மற்றதெல்லாம் அப்புறம், உயரம் குறைந்த நல்ல ஃபுட் ஸ்டெப்பும் உள்ளே பிடித்து ஏற ஒரு கைப்பிடியும் முதலில் போட்டுக்கொடு.

ஞாயிற்றுக்கிழமை சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டயரில் சரியான காற்று இருக்கிறதா பார்த்துக்கொண்டு, நான்கு சக்கரத்திலும் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து அளந்து எனக்கு எழுது. இடது, வலது தனித்தனியாக. என் வண்டியின் அளவு என்னிடம் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்த்து எந்த ஸ்பிரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பாகம் வாங்க கோயமுத்தூர் உக்கடம் போகும் அன்று நானும் வந்துவிடுகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம். குழந்தைகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்
பொள்ளாச்சி