சுண்டுவிரல்

பொகவந்தலாவை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வீடியோவை ஏழெட்டுத் தடவை பார்த்துவிட்டேன். சின்னவன் கோப்பையைப் பிடித்திருக்கிறான். சுண்டுவிரல் மட்டும் கொம்பு மாதிரி தனியே நிற்கிறது. "இதை யாரிடம் பழகினானோ, பெரிய துரை!" என்று பின்னால் நீ சிரிப்பது கேட்கிறது. வேறு யாரிடம்? நீ தேத்தண்ணி குடிக்கும்போது உன் கையைக் கொஞ்சம் பார்.

நீ என்னிடம் பழகினாய். சோக்கட்டி பிடிக்கும்போது என் விரலும் அப்படித்தான் நிற்கும். வகுப்பில் பிள்ளைகள் அதைச் செய்துகாட்டிச் சிரித்ததும் எனக்குத் தெரியும்.

நான் அதை என் அம்மாவிடம், உன் அம்மாயியிடம் எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூட லீவு நாட்களில் சோறு கொண்டு தேயிலை மலைக்குப் போவேன். அம்மாயி மட்டக்கம்பைச் செடிமேல் படுக்கப்போட்டு, அதற்கு மேலே தலைநீட்டும் கொழுந்தை இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளுவார். இரண்டு கைகளும் ஓடும். கண் கொழுந்தில் இருக்காது, பேச்சு பக்கத்து நிரைக்காரியோடு. வலது கைச் சுண்டுவிரல் மட்டும் வேலையில் சேராமல் ஒதுங்கி நிற்கும். "விரலில் நோவா?" என்று கேட்டேன். "எங்கள் அம்மா இப்படித்தான் கொழுந்து எடுப்பார்" என்றார்.

உன் பூட்டிக்கு விறகு பிளக்கும்போது கோடரி பட்டு அந்த விரல் மடங்காமல் போயிருந்தது. அம்மாயியின் விரலுக்கோ ஒரு குறையும் இல்லை. காயத்தையும் சேர்த்தே வேலை பழகியிருக்கிறார்!

குரங்குதான் அப்படியே காப்பியடிக்கும் என்கிறோம். 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஒரு பெட்டிக்குள் பரிசை வைத்து, முதலில் மேலே குச்சியால் குத்திவிட்டுப் பிறகு கதவைத் திறந்து எடுத்துக் காட்டினார்கள். பெட்டி கண்ணாடிபோல உள்ளே தெரிந்தபோது, மேலே குத்துவதால் ஒன்றும் ஆவதில்லை என்று கண்ட சிம்பன்சிகள் அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டு நேரே கதவுக்குப் போயின. மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளோ குத்திவிட்டுத்தான் திறந்தார்கள். பெரியவர் செய்தால் காரணம் இருக்கும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் எந்தப் பிள்ளையும் எழுத்துப் பழகாது. 'அ' ஏன் இப்படி வளைகிறது என்று என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.

ஆகவே, விரலை மடக்கச் சொல்லும் உன் மாமியாரிடம் அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல். சாப்பாட்டு மேசையில் போனைத் தள்ளிக்கொண்டே இருக்கும் உன் பெருவிரலையும் அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்கு அதில்தான் கவலை.

சின்னவர்களிடம் பெரியவர்கள் பழகுவதும் உண்டு. ஜப்பானில் கோஷிமா என்றொரு தீவு. அங்கே 1953இல் இமோ என்ற இளம் பெண் குரங்கு, மண் ஒட்டிய வற்றாளைக் கிழங்கைத் தண்ணீரில் கழுவித் தின்னத் தொடங்கியது. கூட விளையாடியவை பழகின, தாயும் பழகியது. கிழட்டு ஆண் குரங்குகள் பெரும்பாலும் கடைசிவரை மண்ணோடுதான் தின்றன.

இதை உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் கோப்பையை எடுத்து, சுண்டுவிரலைத் தூக்கிப் பார்த்தார். மோதிர விரலும் கூடவே எழும்பிவிட்டது. தேத்தண்ணி சாரத்தில்.

அன்புடன்,
அம்மா