நம்ம காரைக்குடி, தேவகோட்டை பக்கத்து வரலாறு டீச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், வணக்கம் மிஸ்.

எம்பொண்ணு பத்தாவது படிக்கிறா. ரெண்டாம் உலகப்போர் எப்ப ஆரம்பிச்சது எப்ப முடிஞ்சதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா. ஆனா 2025 மே மாசம் பாகிஸ்தானோட சண்டை நடந்தப்ப, வீடியோ கேம் காட்சி ஒண்ணை நிஜ குண்டுவீச்சுன்னு யாரோ எங்க சொந்தக்காரங்க குரூப்ல போட, நான் மொதக்கொண்டு அத்தனை பேரும் பதறிப்போயி நாலு பேருக்கு அனுப்புனோம், அவளும்தான் அனுப்புனா, இது எங்கேருந்து வந்துச்சுன்னு ஒருத்தருக்கும் கேக்கத் தோணல. அந்தக் கேள்வியைத்தான் நீங்க கிளாஸ்ல சொல்லிக் குடுக்கணும்னு கேட்டுக்கிறேன்.

பிரச்சாரம்னாலே ஹிட்லர், கோயபல்ஸ்னு ரெண்டு வரில முடிச்சிடாதீங்க. நம்மூரு வீடுகள்லயே பாடம் கெடக்கு. எங்க ஐயா ரங்கூன்ல செட்டியார் கடை ஒண்ணுல அடுத்தாளா, அதாவது ஏஜெண்டுக்கு அடுத்த உதவியாளா இருந்தவுக. 1942 மார்ச்ல ஜப்பான்காரன் ரங்கூனைப் புடிச்சப்ப நெறைய பேரு நடந்தே ஊருக்கு வந்தாக, இவுக அங்கேயே மாட்டிக்கிட்டு போர் முடிஞ்சுதான் வந்தாக. ரெண்டாங்கட்டு அறையில உள்ள டிரங்குப் பெட்டில அவுக கொண்டாந்த பத்து ரூபா நோட்டு ஒண்ணு இன்னும் இருக்கு. மடிச்ச எடத்துல கிழிஞ்சிருக்கும், நம்பர் எடத்துல 'பி'ங்கிற இங்கிலீஷ் எழுத்து, பர்மாவுக்குன்னு அடிச்சது. மேல ஜப்பானிய அரசாங்கம்னு இங்கிலீஷ்லதான் போட்டிருக்கு. ஆசியா ஆசியாக்காரங்களுக்கேன்னு சொல்லிக்கிட்டு வந்தவங்க, வெள்ளைக்காரன் பாஷையில, அவன் ரூபா பேருலயே நோட்டு அடிச்சிருக்காங்க பாருங்க! போர் முடிஞ்சதும் அது வெறுங் காகிதமாப் போச்சு. இதைப் புள்ளைங்க கையில குடுத்து யாரு அடிச்சது, யாரு நம்பணும்னு அடிச்சது, எதைச் சொல்லாம மறைச்சாங்கன்னு கேட்டுப் பாருங்க, நோட்ஸ் எழுதிப் போடவே வேணாம்.

எதிரி செஞ்சா பொய், நம்ம பக்கம் செஞ்சா தேசபக்தின்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லிக் குடுத்துறாதீங்க, எனக்கு ரொம்பக் கவலையே அதுதான். பிபிசி தமிழ் ஒலிபரப்பே 1941ல போருக்கு நடுவுலதான் ஆரம்பிச்சது, அதுனால அது சொன்னதெல்லாம் பொய்னு ஆயிடாது, ஆனா ஏன் அந்த நேரத்துல தமிழ்ல பேசணும்னு வெள்ளைக்காரனுக்குத் தோணுச்சுன்னு புள்ளைங்க யோசிக்கணும்ல? 1990 அக்டோபர்ல 15 வயசுப் பொண்ணு ஒண்ணு அமெரிக்காவுல அழுதுக்கிட்டே, குவைத் ஆஸ்பத்திரில ஈராக் சிப்பாய்ங்க பச்சப்புள்ளைங்களை இன்குபேட்டர்லேருந்து எடுத்துப் போட்டு சாகவிட்டாங்கன்னு சொல்லுச்சு. உலகமே நம்புச்சு. குவைத்துக்காக அமெரிக்கா ஈராக்கோட நடத்துன போர் முடிஞ்சப்புறம்தான் அந்தப் பொண்ணு குவைத் தூதரோட மகள்னு வெளிய வந்துச்சு, அது சொன்ன கதைக்கும் ஆதாரம் கெடைக்கல. பத்தாவது புள்ளைங்க வயசுதான் அதுக்கும்.

பரிட்சைல கேக்க மாட்டாங்கன்னு தெரியும். மாசத்துக்கு ஒரு பீரியட் போதும். எந்த ஸ்கூல்லன்னாலும் சொல்லி அனுப்புங்க, சனிக்கிழமைல எனக்கு லீவுதான், அந்த நோட்டை பிளாஸ்டிக் கவர்ல போட்டு நானே எடுத்துட்டு வர்றேன்.