பணம் வேண்டாம், போன் பண்ணு

கொருக்குப்பேட்டை,
சென்னை 21.
16-11-2025

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நேரம் இல்லாமல் பதில் போடாமல் இல்லை. அதில் கடைசியாக நீ எழுதியிருந்த நாலு வரிதான் காரணம். பி.எஃப். பணத்தில் ஒரு லட்சம் எடுத்துத் தருகிறேன், முடிந்தபோது கொடு, வட்டி கிட்டி என்று பேசாதே என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன். வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் அந்தத் தைரியம் வந்தது. வேண்டாம் செல்வி. ஏன் என்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் படி.

என் கிரெடிட் கார்டு கடனைப் பற்றி என் தம்பிதான் உன்னிடம் உளறியிருப்பான். அவனுக்கே பாதிதான் தெரியும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை அப்போதே போனில் சொன்னேன், ஞாபகம் இருக்கும். நாலு நாள் வடியவில்லை. ஃபிரிட்ஜ், மெத்தை, மிக்ஸி எல்லாம் போயிற்று. இவருடைய ஆட்டோவின் இன்ஜினுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அரசாங்கம் கொடுத்த 6,000 ரூபாய் ஆட்டோவை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவதற்குள் கரைந்தது. ஆட்டோ ஓடினால்தான் அடுப்பு எரியும். என் சம்பளக் கணக்கோடு வந்த கிரெடிட் கார்டு ஒன்று பீரோவில் கவர் பிரிக்காமல் கிடந்தது. எடுத்துத் தேய்த்தேன். ஆட்டோவுக்குத் தேய்த்தேன், ஃபிரிட்ஜுக்குத் தேய்த்தேன். அந்த வாரம் அது கடன் என்றே தோன்றவில்லை. யாரோ கதவைத் தட்டி உதவி செய்த மாதிரி இருந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். போனில் ஒரு பெண் 'மேடம், மேடம்' என்று உருகி இரண்டாவது கார்டைத் தலையில் கட்டினாள். முதல் கார்டுக்குக் கட்ட அதிலிருந்து ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தேன். அதைவிட முட்டாள்தனம் வேறு இல்லை. கடையில் தேய்த்தாலாவது பில் கட்டும் கடைசி நாள் வரை அவகாசம் உண்டு, பணமாக எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அதற்குத் தனிக் கட்டணம் வேறு. பெரியவள் காலேஜில் சேர்ந்தபோது மூன்றாவது கார்டு. இந்த வருடம் மார்ச்சில் மொத்தம் 1,87,000 ரூபாய் நின்றது. என் சம்பளம் 17,500. இவருக்கு ஆட்டோவில் ஒரு நாள் அறுநூறு, ஒரு நாள் இருநூறு. இவருக்கு முதல் கார்டு மட்டும்தான் தெரியும்.

நான் ஏமாந்த இடம் எது தெரியுமா? மினிமம் டியூ, பில்லில் குறைந்தபட்சம் இவ்வளவாவது கட்டு என்று போட்டிருக்கும் தொகை. மாதா மாதம் அதை ஒழுங்காகக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். கட்டுகிறோம், யாரும் நம்மை ஒன்றும் சொல்ல முடியாது என்று மனசுக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது. ஒரு நாள் கடையில் கூட்டம் இல்லாத மத்தியானம், பில் மிஷினில் தீர்ந்துபோன ரோலின் கடைசித் துண்டைக் கிழித்து அதன் பின்பக்கம் கணக்குப் போட்டேன். முதல் கார்டில் 60,000 பாக்கி. மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் 2,100. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 378. மொத்தம் 2,478. நான் கட்டுகிற மினிமம் 3,000. மூவாயிரம் கட்டினால் அசலில் கழிவது 522 ரூபாய்! அந்த மாதமே அறுநூறு ரூபாய்க்கு மளிகை தேய்த்திருந்தேன். ஆக, கட்டியும் கடன் கூடியிருக்கிறது. வருடம் முழுக்க பில் போடுகிறவள் நான். எங்கள் கடை இருக்கிற எம்.சி. ரோட்டில் தீபாவளிக் கூட்டத்திலும் ஒரு ரூபாய் விட்டதில்லை. என் கணக்கை மட்டும் ஒரு வருடத்துக்கு மேல் பார்க்கவே இல்லை.

பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் முதல் கார்டுக்கு அந்த மினிமம்கூடக் கட்ட முடியவில்லை. போன் வர ஆரம்பித்தது. காலை ஏழு மணிக்கு, ராத்திரி ஒன்பது மணிக்கு, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. ஒருமுறை நம்ம ரயில்வே கேட் போட்டிருந்தது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருக்கிறது, என் பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். போனை எடுத்துவிட்டேன். 'வாங்கும்போது இனித்ததா' என்று ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. வெட்டிவிட்டுப் போகலாம் என்றால் கேட் திறக்கவில்லை. முந்நூறு சக்கரமாவது போயிருக்கும், அத்தனையும் எண்ணியது போல இருந்தது. மறுநாள் கடை மேனேஜருக்கே போன் போயிருக்கிறது. அன்று ராத்திரிதான் இவரிடம் மூன்று கார்டையும் எடுத்து வைத்தேன். கத்தவில்லை. எழுந்து போய் ஆட்டோவில் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள், "உன் குழுவுல கேட்டியா?" என்றார்.

எங்கள் மகளிர் குழுவைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேனா? பன்னிரண்டு பேர். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் பாய் விரித்து உட்காருவோம். தலைவி அக்கா காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். இருட்டோடு ஏலத்தில் நின்று பழகியவர், வட்டிக் கணக்கு அவருக்கு விரல் நுனியில் இருக்கும். நான் கடன் கேட்கத்தான் போனேன். எதற்கு என்றார். வீட்டுச் செலவு என்றேன். "வீட்டுச் செலவுக்கு யாருடி எழுபதாயிரம் கேக்குறது?" என்றார். சொல்ல வேண்டியதாயிற்று. எல்லார் முன்னாலும், மூன்று கார்டு, எவ்வளவு பாக்கி என்று எண்ணிக்கையோடு.

அக்கா கேட்டது ஒரே கேள்விதான். "எத்தினி ரூபா வட்டி?"

கார்டு பில்லில் வருடத்துக்கு 42 சதவீதம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அது நம் மண்டைக்குள் இறங்காது. நூறு ரூபாய்க்கு மாதம் மூன்றரை ரூபாய் வட்டி என்று சொன்னதும் பாயில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடகுக் கடைக்காரரே இரண்டு ரூபாய்தான் கேட்கிறார், அதற்கே நாம் திட்டுகிறோம். "கந்து வட்டிக்காரன் கிட்டயே போயிருக்கலாமேடி" என்றார் ஒருத்தர். கந்து வட்டிக்கு 2003-லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. கார்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. 30 சதவீதத்துக்கு மேல் வட்டி போடுவது நியாயமில்லை என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொல்லியிருந்ததாம், 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. பெரியவள் தேடிப் படித்துச் சொன்னாள். சரி, கோர்ட்டு நமக்காகக் காத்திருக்காது.

அடுத்து நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவள், தண்டையார்பேட்டையில் டெய்லரிங் யூனிட்டுக்குப் போகிறவள், "எனக்கும் ஒரு கார்டு இருக்கு" என்றாள். இன்னொருத்தி போன் ஆப்பில் வாங்கிய கடனைச் சொன்னாள். பன்னிரண்டு பேரில் நாலு பேர்! மாதம் இரண்டு தடவை ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே தட்டில் சுண்டல் தின்றுகொண்டு, ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் வைத்திருந்திருக்கிறோம்.

பணம் கொடுத்தார்களா என்று கேட்பாய். கொடுக்கவில்லை. "முதல்ல ஆறு மாசம் கார்டைத் தேய்க்காம இரு. ஒவ்வொரு மாசமும் இங்க வந்து பாக்கி எவ்வளவுன்னு வாய்விட்டுப் படி. அப்புறம் பாக்கலாம்" என்றார் அக்கா. எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வாரம் கூட்டத்துக்கே போகவில்லை. அப்புறம் தையல்காரி வீட்டுக்கு வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பள்ளிக்கூடத்தில் தேன் மிட்டாய்க் கடை பாக்கிக்குப் பயந்து நான் ஒரு மாதம் பின் தெரு வழியாகச் சுற்றிப் போனதும், நீ என்னை இழுத்துக்கொண்டு போய்க் கடைக்காரர் முன் நிறுத்தியதும் ஞாபகம் வந்தது. அவரும் திட்டவில்லை, நீயே கேட்டாய், "வாரம் நாலணா வாங்கிப்பீங்களா?"

ஏற்பாடு இதுதான். ஏ.டி.எம்.மில் பணம் எடுத்த கார்டில் 72,000 இருந்தது. என் ஒன்றரைப் பவுன் சங்கிலியைப் பேங்கில் வைத்து 70,000 வாங்கி, கையில் இருந்த இரண்டாயிரத்தைச் சேர்த்து அதை ஒரேயடியாக முடித்தேன். நகைக் கடன் வருடத்துக்கு 9 சதவீதம், நம் கணக்கில் முக்கால் ரூபாய் வட்டி. அன்றே கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். பாக்கி இல்லை என்றால் ஏழு வேலை நாளுக்குள் மூடியாக வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் நமக்குக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஐந்தே நாளில் மூடினார்கள். 55,000 இருந்த கார்டை இருபத்து நாலு மாதத் தவணையாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். ஒன்றரை ரூபாய் வட்டிக்கு இறங்கினார்கள், மாதம் 2,800 ஆகிறது. கேட்டால் மாற்றிக் கொடுப்பார்கள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. முதல் கார்டுக்கு மூவாயிரத்துக்குப் பதில் ஐந்தாயிரம். எல்லாம் சேர்த்தால் நகை வட்டியோடு மாதம் 8,300 சொச்சம். முன்னே மூன்று கார்டுக்கும் மினிமமே 9,350 வந்தது. குறைவாகக் கட்டுகிறேன், பாக்கி குறைகிறது. நகைக் கடன் அசல் அப்படியே நிற்கிறது, அது வேறு கதை.

வசூல் போன்களுக்குப் பெரியவள் உட்கார்ந்து பேங்கின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போட்டாள். காலை எட்டுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது, வெளியாட்கள் முன் அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் உத்தரவு இருக்கிறது. தேதி, நேரம், நம்பர் எல்லாம் குறித்து வைத்திருந்தோம். முப்பது நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியில் புகாரை விசாரிக்கிற ஆம்புட்ஸ்மேனுக்குப் போவோம் என்றும் எழுதினாள். அவ்வளவு தூரம் போகவில்லை. அப்புறம் ஒரு பையன், நல்ல மரியாதையாக, "35,000 கட்டுங்க, அறுபதாயிரத்தையும் செட்டில் பண்ணிடலாம்" என்றான். ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. இருபத்தைந்தாயிரம் மிச்சம் என்றால் சும்மாவா? ஆனால் நாம் கடனை எப்படிக் கட்டினோம் என்று காட்டுகிற சிபில் ரிப்போர்ட்டில் 'முடிந்தது' என்று வராது, முழுசாகக் கட்டவில்லை என்று தெரிகிற மாதிரி 'செட்டில்டு' என்று வரும். நாளைக்குப் பெரியவள் மேலே படிக்கக் கல்விக் கடன் கேட்டால் நானும் கையெழுத்துப் போட வேண்டும், அங்கே அதைப் பார்ப்பார்கள். மாட்டேன் என்றேன். அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு, பொய் சொல்ல மாட்டேன்.

ஏப்ரலில் 60,000 இருந்தது அக்டோபர் பில்லில் 40,000-க்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் பாயில் உட்கார்ந்து படித்தேன். முதல் மாதம் குரலே வரவில்லை. ஆகஸ்டில் நான் எண்ணைச் சொல்லுமுன் அக்காவே "ஐம்பதுக்குக் கீழ வந்துட்டியா?" என்று கேட்டார். போன ஞாயிறு குழுவில் எனக்கு 40,000 கடன் கொடுக்கத் தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு ரூபாய் வட்டி. அதை வைத்து முதல் கார்டையும் மூடப் போகிறேன்.

இப்போது உன் லட்சத்துக்கு வருகிறேன். போன வருடம் தம்பி 40,000 கொடுத்து ஒரு கார்டை முழுக்க அடைத்தான். அது அவனும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான், நான்தான் சத்தியம் வாங்கினேன். பாக்கி பூஜ்யம் என்று பார்த்ததும் எனக்கு அது கடன் தீர்ந்ததாகத் தெரியவில்லை, தேய்க்க மறுபடி 40,000 கிடைத்ததாகத்தான் தெரிந்தது. நாலே மாதம், பழையபடி நிரம்பிவிட்டது. அவனிடம் சொல்லவே இல்லை. அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் அடுப்படியிலேயே நிற்பேன். உன்னிடம் அப்படி நிற்க முடியாது, செல்வி. முப்பது வருடப் பழக்கம்.

அதனால் எனக்கு வேறு ஒன்று வேண்டும். சம்பளம் ஐந்தாம் தேதி வருகிறது. ஆறாம் தேதி நீ போன் பண்ணு. நலமா, பிள்ளைகள் எப்படி என்பதெல்லாம் அப்புறம். முதலில் 'எவ்வளவு கட்டினே, எவ்வளவு பாக்கி' என்று கேள். நான் மழுப்பினால் விடாதே. கார்டு மூடிய பிறகு குழுவில் வாய்விட்டுப் படிக்க எனக்கு எதுவும் இருக்காது, அந்த நேரம்தான் எனக்குப் பயம். இப்போதே மேகம் கருக்கும்போதெல்லாம் இவர் ஆட்டோவை மேட்டுப் பக்கம் கொண்டுபோய் விடுகிறார். மறுபடி ஒரு புயல் வந்தால் கை பீரோவுக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரியும்.

பொங்கலுக்குக் கோவையிலிருந்து வருவதாக எழுதியிருக்கிறாய். வா. காசிமேடு அக்காவிடம் வஞ்சிரம் சொல்லி வைக்கிறேன், என்ன விலை என்று அவரிடம் கேட்டுவிடாதே, சண்டைக்கு வருவார்.

போன் பண்ணுவதை ராத்திரி ஒன்பதுக்கு மேல் வைத்துக்கொள். கடையில் எடுக்க விடமாட்டார்கள். அது மட்டுமில்லை, மாலை ஏழு மணிக்கு முன்னால் அடிக்கிற போனை நான் இன்னும் இரண்டு தடவை அடிக்கவிட்டுத்தான் எடுக்கிறேன்.

உன்,
கஸ்தூரி