நாற்காலிக்கு அளவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டில் கணினி முன் அமர்ந்து வேலை பார்ப்போர் பெருகிவிட்ட நிலையில், எர்கோனாமிக் (உடலமைப்புக்கு ஏற்ப வடிவமைத்த) அலுவலக நாற்காலி வாங்குவதா, கேமிங் நாற்காலி வாங்குவதா என்ற கேள்வி என்னைப் போன்ற இயன்முறை மருத்துவர்களிடம் அடிக்கடி வருகிறது. நாள் முழுவதும் தட்டச்சு செய்பவருக்கு எர்கோனாமிக் நாற்காலியே பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு வரும் நாற்காலிகள் எல்லாம் அதற்குத் தகுதியானவை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

கேமிங் நாற்காலியின் உருவம் பந்தயக் காரிலிருந்து வந்தது. கார் இருக்கைகள் செய்துவந்த டிஎக்ஸ்ரேசர் நிறுவனம் 2006ஆம் ஆண்டு வாக்கில் அதே வடிவத்தில் கேமிங் நாற்காலியை விற்கத் தொடங்க, பிற நிறுவனங்களும் அவ்வழியே வந்தன. பந்தயக் கார் இருக்கையின் இரு பக்கமும் மேடாக எழுந்து நிற்பதற்குக் காரணம் உண்டு. வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஓட்டுநரின் உடல் பக்கவாட்டில் சரியாமல் அவை பிடித்துக்கொள்கின்றன. முதுகுச் சாய்மானத்தின் மேற்பகுதியில் காணப்படும் இரண்டு துளைகளும் தோள்வார்களை நுழைப்பதற்காக ஏற்பட்டவையே. மேசை முன் அமர்ந்திருப்பவருக்கு இவற்றால் பயனில்லை. பருத்த தொடை உடையவர்களை அந்தப் பக்கமேடுகள் உள்நோக்கி நெருக்குகின்றன. அகன்ற தோள் உடையவர்களின் தோள்களை மேல்மேடுகள் முன்னே தள்ளுகின்றன. நீண்ட நேரம் உட்காருபவர் அவ்வப்போது புரண்டு, திரும்பி, இடம் மாற்றிக்கொள்வதுதான் முதுகுக்கு நல்லது என்றிருக்க, இந்த வடிவம் அதற்கே இடம் கொடுப்பதில்லை.

இடுப்புக்கு வைக்கும் தலையணையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பல கேமிங் நாற்காலிகளில் அது எலாஸ்டிக் வாரில் தொங்குகிறது. உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் சற்றுச் சற்றாக நகர்ந்து, கடைசியில் பிட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றுவிடுகிறது. அப்போது அது இடுப்பின் உள்வளைவைத் தாங்காமல் ஆளையே முன்னுக்குத் தள்ளுவதால், அவர் இருக்கையின் நுனியில் அமர்ந்து, முதுகு வளைந்து, கழுத்தைத் திரைக்கு நீட்டியபடி வேலை செய்யத் தொடங்குகிறார். முதுகுவலியோடு வருபவர்கள் தாங்கள் வேலை செய்யும் கோலத்தைப் படமெடுத்துக் காட்டும்போது நான் முதலில் தேடுவது அந்தத் தலையணை எங்கே இருக்கிறது என்பதைத்தான். நல்ல அலுவலக நாற்காலியில் இடுப்புத் தாங்கி சட்டத்தோடு இணைந்திருக்கும். பெல்ட் கட்டும் இடத்துக்கு ஒட்டி ஏற்றி இறக்கி வைத்தால் அங்கேயே நிற்கும்.

அதைவிட முக்கியமானது இருக்கையின் ஆழம். முதுகு சாய்மானத்தில் நன்றாகப் படும்படி உட்கார்ந்த பின், இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்மடிப்புக்கும் இடையே இரண்டு, மூன்று விரல்கள் நுழைய வேண்டும். விளிம்பு முழங்காலில் இடித்தால் கால் மரத்துப்போகும். அதைத் தவிர்க்க முன்னே நகர்ந்தால் சாய்மானம் வீணாகும். உயரம் குறைந்தவர்கள், குறிப்பாகப் பெண்களில் பலர், இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள். பில் ஸ்டம்ப், டான் சாட்விக் ஆகிய இருவரும் வடிவமைத்து 1994இல் வெளிவந்த ஏரான் என்ற அலுவலக நாற்காலி ஏ, பி, சி என மூன்று அளவுகளில் தயாரிக்கப்பட்டதன் நியாயம் இதுவே. செருப்பை அளவு பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. அதைவிட அதிக நேரம் உடலோடு ஒட்டியிருக்கும் நாற்காலியை மட்டும் நிறம் பார்த்து வாங்குகிறோம்.

கேமிங் நாற்காலியில் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதன் சாய்மானம் உயரமானது, நன்றாகப் பின்னுக்குச் சாயக்கூடியது. ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். பின்னுக்குச் சாய்ந்து முதுகைத் தாங்கலில் விடும்போது அவ்வழுத்தம் குறைகிறது என்பது பிற்கால அளவீடுகளிலும் தெரியவந்தது. ஆகவே, மாலையில் சற்று நேரம் சாய்ந்தபடி விளையாடவோ படம் பார்க்கவோ அது போதும். மேலுறை ரெக்சினாக இருந்தால் வியர்வை தங்கும், நாளடைவில் உரியும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை: தலையணையை இடுப்பு உயரத்தில் நகராதபடி இறுக்கிக் கட்டி, கால் தரையில் படியாவிட்டால் கீழே ஒரு கால்மணை போட்டுக்கொள்ளலாம்.

விற்பனையாளர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். தாங்கும் எடையைப் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள், இருக்கையின் குறைந்தபட்ச, அதிகபட்ச உயரம், ஆழம், கைதாங்கியின் உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் அச்சிட வேண்டும். ஐரோப்பாவின் ஈஎன் 1335, அமெரிக்காவின் பிஃப்மா எக்ஸ் 5.1 போன்ற தரச் சோதனைகளில் எதில் தேறியது என்பதையும் குறிப்பிட வேண்டும். உட்கார்ந்து பார்க்க வாய்ப்பில்லாமல் இணையத்தில் வாங்குபவருக்குத் தம் காலை அளந்து ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண்களை விட்டால் வேறு வழியில்லை.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்