என் வேலையை அழித்தவருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

நீலகிரியின் கோத்தகிரி வட்டாரத்து ஹட்டிகளையும் (படுகர் ஊர்களையும்) அவற்றுக்கு நடுவே ஓடும் நடைபாதைகளையும், யார் வேண்டுமானாலும் சேர்க்கவும் திருத்தவும் முடிகிற இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றும் வேலை ஒருவழியாக ஒரு நிலைக்கு வந்துவிட்டது. முடிந்தது என்று சொல்ல மாட்டேன், இந்த மலையில் ஒரு ராத்திரி மழையில் பாதையே இடம் மாறிவிடும். ஆனால் மூன்று வருடமாக ஊரெல்லாம் உதவி வாங்கிக்கொண்டு இன்னும் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்று வீட்டில் திட்டு. தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. படித்தால் அவரவருக்குப் புரியும்.

முதல் நன்றி, நான் செய்த வேலையை மொத்தமாக அழித்தவருக்கு. ஆரம்பித்த புதிதில் ஆர்வக்கோளாறு. கோத்தகிரியிலிருந்து கீழ்க்கோத்தகிரி வரைக்கும் இருக்கிற ஊர்ப் பெயர்களை, எல்லோரும் போனில் பார்க்கும் வேறொரு வரைபடத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து இரண்டு ராத்திரியில் ஏற்றிவிட்டேன். மூன்றாம் நாள் மதுரைக்காரர் ஒருவரிடமிருந்து செய்தி: "தம்பி, அந்த வரைபடத்தில் இருக்கும் எழுத்துப்பிழைகூட அப்படியே வந்திருக்கிறதே, எப்படி?" எனக்கு முகம் சுட்டுவிட்டது. விஷயம் இதுதான்: ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவு 2012 முதல் ஓடிபிஎல் என்ற உரிமத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், விற்கலாம், மாற்றலாம். எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்ல வேண்டும், மாற்றிய தரவுத்தளத்தை வெளியே விட்டால் அதையும் இதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். அப்படி எல்லோருக்கும் கொடுக்க, முதலில் அது நம்முடையதாக இருக்க வேண்டுமே. நான் செய்தது 'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' கதை. நான் ஏற்றியதையெல்லாம் அவர் நீக்கிவிட்டார். ஒரு வாரம் கோபத்தில் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் அவரே போன் செய்து, இந்த வரைபடத்தைத் திருத்த உதவும் ஜேஓஎஸ்எம் என்ற மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று ராத்திரி ராத்திரியாகச் சொல்லிக்கொடுத்தார். அண்ணா, அன்றைக்கு நீங்கள் கண்டும் காணாமல் விட்டிருந்தால் இன்று ஆயிரம் பெயரை அழிக்க வேண்டி வந்திருக்கும்.

அடுத்து, பச்சைத் தேயிலை ஏற்றும் வண்டி ஓட்டுகிற அண்ணனுக்கு. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சாலையை வரைந்தால் போதும் என்று சமவெளிக்காரர்கள் நினைப்பார்கள். இங்கே சரிவு அதிகம் என்பதால் படமே நகர்ந்து கிடக்கும். சாலை தேயிலைத் தோட்டத்துக்குள் இருபது மீட்டர் தள்ளி விழுந்திருக்கும், பாதி இடத்தில் மேகம் வேறு. தரையில் போய்வந்த ஜிபிஎஸ் தடங்கள் நாலைந்து இருந்தால்தான் படத்தை இழுத்துச் சரியான இடத்தில் பொருத்த முடியும். என் பழைய போனை அவர் வண்டியின் கண்ணாடிக்கு முன்னால் வைத்து நான்கு மாதம் சுற்றினார். தினமும் ஒரு வளைவில் வண்டி இருபது நிமிடம் நின்றது தடத்தில் தெரிந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை, அந்தத் துண்டை ஏற்றவும் இல்லை. கவலைப்படாதீர்கள் அண்ணா.

பெயர்களின் கதை தனி. பலகையில் 'அட்டி' என்று இருக்கும், ஊர்க்காரர்கள் வாயில் 'ஹட்டி'. 'ஒசட்டி' என்று எழுதிய பலகையின் கீழேயே நின்று, ஊற்றில் குடம் நிரப்பிக்கொண்டிருந்த பாட்டியிடம் ஊர்ப்பெயர் கேட்டேன். சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். தலையை ஆட்டினார், இல்லை என்று. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, என் வாயையே பார்த்தபடி "ஹொ... ஹொ..." என்று மூன்று முறை சொல்ல வைத்தார். நாலாவது முறை 'ஹொசஹட்டி' சரியாக வந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. ஹொச என்றால் புதிய. புது ஊர் என்று பெயர் வைத்துத் தலைமுறைகள் ஓடிவிட்டன, அதே பெயரில் இன்னும் ஊர்கள் இருக்கின்றன, அது வேறு தலைவலி.

அந்த உச்சரிப்பை எங்கே போடுவது என்று எங்கள் குழுவில் பத்து நாள் சண்டை. 'மாற்றுப் பெயர்' என்று போட்டால் போதும் என்றேன் நான். ஊட்டியில் படிக்கும் ஒரு தங்கை விடவே இல்லை. படுகர்கள் பேசும் படுகு மொழிக்கு 'பி.எஃப்.க்யூ' என்று சர்வதேசக் குறியீடே இருக்கிறது, தமிழுக்கு 'டி.ஏ' போடுகிற மாதிரி அதற்கும் தனி இடம் கொடுங்கள், எங்கள் பாட்டி பேசுவது மாற்று மொழியா என்று கேட்டார். பதில் இல்லை. இப்போது பலகையில் இருப்பது தமிழ்ப் பெயராகவும், பாட்டி சொன்னது படுகுப் பெயராகவும், தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. தங்கச்சி, நீ சொன்னதுதான் சரி. எழுத்தில் கொடுத்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

தோடர் பழங்குடியினரின் மந்து (குடியிருப்பு) ஒன்றில், சாலையைப் போடுங்கள், கோயிலைப் போடாதீர்கள் என்று சொன்ன பெரியவருக்கும் நன்றி. போடவில்லை. ஆட்கள் வந்து படமெடுப்பதை அவர் எவ்வளவு பார்த்திருப்பார். திறந்த தரவு என்றால் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும் என்று குழுவில் ஒருவர் வாதாடினார், எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். சாலை அறுந்த இடத்தில் வெளியூரிலிருந்து வந்தவர்கள் எந்தக் குறுக்குவழி எந்த ஊருக்குப் போகிறது என்று தெரியாமல் நின்றதும், அப்பா டார்ச் எடுத்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் நடந்ததும் மறக்கவில்லை. அப்பா நடந்த அந்தப் பாதை இப்போது வரைபடத்தில் இருக்கிறது. முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால், சிக்னல் இல்லாவிட்டாலும், இந்த வரைபடத்தைப் போனில் காட்டும் ஓஎஸ்எம்அண்ட் செயலியில் தெரியும்.

கடைசியாக, அரவேணு பக்கத்து டீக்கடை அண்ணனுக்கு. மழையில் நனைந்து வந்த எங்கள் ஆறு பேருக்கும் காசு வாங்காமல் டீயும் வர்க்கியும் கொடுத்தவர். நன்றிக்கடனாகக் கடையை வரைபடத்தில் போட்டோம். போன வாரம் போனபோது முறைத்தார். சாயங்காலம் நாலு மணிக்கே கடை மூடிவிடும் என்று போட்டிருக்கிறோமாம், வந்த வண்டியெல்லாம் நிற்காமலே போகிறதாம்.

எட்டு மணி என்று மாற்றிவிட்டேன் அண்ணா.